சுவரில் ஒரு ரெகுலேட்டர் இருக்கட்டும்!



கொஞ்சம் நீளமான பதிவு. முப்பத்து நான்கு வருடம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவனுக்கு எதையும் சுருக்கமாகச் சொல்ல வராது. பாதியில் எழுந்து போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். இப்போது நான் வருகைப் பதிவு எடுப்பதில்லை.

விஷயம் ரொம்பச் சின்னது. எங்கள் வீட்டில் ஃபேன் ரிமோட் கெட்டுப் போனது, அவ்வளவுதான். இதற்கு ஒரு பதிவா என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், அன்று விடியற்காலை அம்மாவைப் பார்க்கும் வரை.

அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. தனி அறையில்தான் படுப்பார். யாரும் கூடப் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஐப்பசி அடைமழை. முன்னிரவில் ஒரே புழுக்கமாக இருந்ததால் ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு மணிக்கு மேல் மழை கொட்டி ஊரே குளிர்ந்துவிட்டது. நான் ஐந்து மணிக்குப் பால் வாங்க எழுந்தவன், அறையில் விளக்கு எரிகிறதே என்று எட்டிப் பார்த்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பைத் தலையைச் சுற்றி முக்காடு போட்டு, மேலே போர்வை, அதற்கு மேலே என் பழைய ஸ்வெட்டர். தலைக்கு மேலே ஃபேன் ஐந்தில் பறக்கிறது.

"ஏம்மா, சுவிட்சை நிறுத்தியிருக்கலாமே?"

"நிறுத்தினா கொசு பிடுங்குதுப்பா. போட்டா பேய் மாதிரி சுத்துது. கொறைக்கத் தெரியல."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

அதற்கு அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "பழைய ஃபேன்னா நானே கையை நீட்டித் திருப்பிக்குவேன். இப்ப காத்தைக் கொறைக்கக்கூட உன்னையில்ல எழுப்ப வேண்டியிருக்கு."

இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார், மகன் தூக்கம் கெடக்கூடாது என்று.

எண்பத்தாறு வயதில் ஒருவருக்குத் தன் கையால் செய்ய முடிகிற காரியங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். கிணற்றில் இறைப்பது போயிற்று, மாடிப்படி போயிற்று, ஊசியில் நூல் கோர்ப்பது போயிற்று. காற்றைக் கூட்டிக் குறைப்பது மிச்சம் இருந்தது. அதை வயது பறிக்கவில்லை. நான்தான் பறித்தேன், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லி.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு வீட்டில் இருந்த பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினேன். இதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. கணக்கு எளிது. பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். புதியது முழு வேகத்திலும் சுமார் 30 வாட்தான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் பழையது 0.9 யூனிட், புதியது 0.36 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் என்றால் தொண்ணூற்றாறு. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்கிற நம் ஊரில் இது சின்னத் தொகை இல்லை. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம் ஆனதும் இந்த வகை ஃபேன்கள் கடைகளில் முன்வரிசைக்கு வந்துவிட்டன. கோவையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இதைப் பத்து வருடத்துக்கும் முன்பே செய்யத் தொடங்கியது என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு.

மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி, "சார், இதுக்கு ரெகுலேட்டர் ஆகாது, கழட்டிடறேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். பழைய ரெகுலேட்டர் ஃபேனுக்குப் போகிற மின்னழுத்தத்தைக் குறைத்து அல்லது வெட்டி அனுப்பும். பி.எல்.டி.சி. ஃபேனுக்குள் இருப்பது ஒரு சின்ன மின்னணுப் பலகை. அதற்கு முழு மின்சாரம் வர வேண்டும், வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். நடுவில் ரெகுலேட்டர் நின்றால் பலகை கெட்டுப் போகலாம். ஆகவே சுவரில் இருந்த ரெகுலேட்டர் போனது, அந்த ஓட்டையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடி வந்தது. அம்மா கையில் ஒரு ரிமோட்டைக் கொடுத்தோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ரிமோட் பிடித்திருந்தது. முழங்கால் வலிக்காரர், எழுந்திருக்காமலே காற்றைக் கூட்டிக் குறைக்க முடிந்ததில் ஒரு பெருமை. பக்கத்து வீட்டு மாமி வந்தால் போட்டுக் காட்டுவார். ஆகவே இந்தப் பதிவு ரிமோட்டைத் திட்டும் பதிவு இல்லை.

பிறகு ஒரு நாள் ரிமோட் காணவில்லை. கட்டிலுக்கு அடியில், மெத்தைக்கு அடியில், பூஜை அலமாரியில், ஃபிரிட்ஜில்கூடத் தேடினோம். (சிரிக்காதீர்கள். ஒருமுறை என் மூக்குக் கண்ணாடி அங்கிருந்துதான் கிடைத்தது.) இரண்டு நாள் கழித்து வாஷிங் மெஷினுக்குள் தட்தட்டென்று சத்தம். தலையணை உறைக்குள் போய் ஒளிந்திருந்த ரிமோட், நாற்பது நிமிடம் சோப்புத் தண்ணீரில் நீராடிவிட்டு வெளியே வந்தது. பளபளவென்று இருந்தது. ஆனால் உயிர் இல்லை.

இனி நான் அலைந்த கதை.

முதலில் ஃபேன் வாங்கிய கடை. பெயர் வேண்டாம். "அந்த மாடல் இப்ப வர்றதில்ல சார். ரிமோட் தனியா நாங்க வைக்கறதில்ல. எக்ஸ்சேஞ்சில புது ஃபேன் போட்டுக்கறீங்களா?" ஒரு பேனா மூடி தொலைந்ததற்குப் புதுப் பேனா வாங்கச் சொன்னாலாவது பரவாயில்லை. இது மேசை நாற்காலியோடு வாங்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

அடுத்து கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண். தமிழுக்கு இரண்டை அழுத்தி, காத்திருந்து, பாட்டுக் கேட்டு, ஒரு பெண்பிள்ளை பேசினார். தன்மையாகத்தான் பேசினார். "சார், ஃபேனோட சீரியல் நம்பர் சொல்லுங்க." எங்கே இருக்கும்? "மோட்டாருக்கு மேல ஸ்டிக்கர்ல இருக்கும் சார்." மோட்டாருக்கு மேலே! கூரைக்கும் ஃபேனுக்கும் நடுவே, ஓட்டடைக்குப் பின்னால். எனக்கு அறுபத்தேழு வயது. ஸ்டூலில் ஏறாதே என்று டாக்டர் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. மேலத்தெருத் தம்பியை ஏற்றி, செல்போனில் படம் எடுக்கச் சொல்லி, எண்ணைப் படித்துச் சொன்னேன். "உத்தரவாதம் முடிஞ்சுடுச்சு சார். ரிமோட் ஸ்டாக் இல்ல, வந்தா தகவல் வரும்." வரவில்லை.

மூன்றாவது, இணையக் கடை. எங்கள் ரிமோட்டுக்கு இரட்டைப் பிள்ளை போல ஒன்று 299 ரூபாய்க்கு இருந்தது. வாங்கினேன். பட்டன், நிறம், வடிவம் எல்லாம் அப்படியே. ஃபேன் மட்டும் அசையவில்லை. அப்போதுதான் நான் பாடத்தில் நடத்தியது எனக்கே உறைத்தது. ரிமோட்டின் முகத்தில் ஒன்றும் இல்லை, அது பேசும் மொழியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு எண். அந்த எண்ணைக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் விட்டு விட்டு மின்னிச் சொல்கிறது ரிமோட். ஒரே அச்சில் வார்த்த பெட்டியை வாங்கி ஆளாளுக்கு வேறு எண் போட்டு விற்கிறார்கள். ஒரே சீருடையில் வந்த இரண்டு பையன்களைப் பார்த்துவிட்டு இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்த ஆசிரியரின் கதைதான் என் கதை.

இந்த அலைச்சல் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த ஐப்பசி ராத்திரி.

அன்று பத்து மணிக்குச் சாப்பிடாமல்கூடக் கிளம்பி, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடத்தில் தூங்கி என்னிடம் திட்டு வாங்கியவன். ரிமோட்டை வாங்கிப் பார்த்தான். "சார், இது தண்ணி குடிச்சிருக்கு" என்றான். புது பேட்டரி போட்டு, தன் செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே காட்டிப் பட்டனை அழுத்தினான். "பாருங்க சார், வெளிச்சம் வரல. வந்திருந்தா ஊதாவா மின்னும்."

எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. அகச்சிவப்புக் கதிர் மனிதக் கண்ணுக்குத் தெரியாது, கேமராவின் கண்ணுக்குத் தெரியும். நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட விஷயம்தான். தூங்கியவன் அதைத் தொழிலாக்கிவிட்டான். விழித்திருந்து எழுதிப் போட்ட நான் 299 ரூபாயைத் தண்டம் கட்டிவிட்டு வந்து நிற்கிறேன்.

பெட்டியைப் பிரித்தான். பேட்டரியின் ஸ்பிரிங் பச்சை பூத்திருந்தது. சுரண்டி எடுத்து வேறு ஸ்பிரிங் வைத்துப் பற்றவைத்தான். பலகையை ஸ்பிரிட் போட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். ரப்பர் பட்டன்களுக்கு அடியில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளைத் துடைத்தான். வெயிலில் அரை மணி நேரம். கேமராவில் காட்டினால் ஊதாப் புள்ளி மின்னுகிறது! காசு வாங்க மாட்டேன் என்றான். வாங்காவிட்டால் அடுத்த முறை வர மாட்டேன் என்று சொல்லி ஐம்பது ரூபாயை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

என் அலைச்சல் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று, நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் முதல் சந்தேகம் பேட்டரி. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று பழசு ஒன்று புதுசு வேண்டாம். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுரண்டித் துடையுங்கள். பல மாதம் பயன்படுத்தாத ரிமோட்டில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள், ஒழுகிவிடும்.

2. அடுத்து கேமரா சோதனை. செல்போனின் பின் கேமராவில் பல சமயம் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி இருக்கும், அதனால் முன் கேமராவில் பாருங்கள். புள்ளி மின்னினால் ரிமோட் பேசுகிறது, ஃபேனுக்குத்தான் காது கேட்கவில்லை என்று அர்த்தம். அப்போது புது ரிமோட் வாங்குவது வீண். ஃபேனில் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணைத் துடைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பலகையைப் பார்க்க வேண்டும்.

3. எல்லா ரிமோட்டும் வெளிச்சத்தில் பேசுவதில்லை. சிலது ரேடியோ அலையில் பேசும். ஃபேனை நோக்கிக் காட்டாமல், போர்வைக்குள் இருந்து அழுத்தினாலும் வேலை செய்கிறது என்றால் அது ரேடியோ வகை. அதற்குக் கேமரா சோதனை செல்லாது. அந்த வகையில் புது ரிமோட் வாங்கினால் ஃபேனோடு ஒருமுறை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். பெரும்பாலும் சுவிட்சை நிறுத்திப் போட்ட சில நொடிக்குள் குறிப்பிட்ட பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கூட வரும் தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னைக் கேட்காதீர்கள்.

4. புது ரிமோட் வாங்கும்போது கம்பெனி பெயர் மட்டும் போதாது. ஒரே கம்பெனியில் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு ரிமோட் இருக்கலாம். மாடல் பெயர் பில்லில் இருக்கும், உத்தரவாத அட்டையில் இருக்கும், இணையத்தில் வாங்கியிருந்தால் உங்கள் பழைய ஆர்டர் பட்டியலில் இருக்கும். ஸ்டூலில் ஏறுவதற்கு முன் இவற்றைத் தேடுங்கள். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

5. சில செல்போன்களில் தலைப்பக்கம் அகச்சிவப்பு விளக்கு உண்டு. ரெட்மி, போக்கோ போன்களில் பலவற்றில் பார்த்திருக்கிறேன். அந்தப் போன் வீட்டில் யாரிடமாவது இருந்தால், ரிமோட் செயலியில் உங்கள் ஃபேன் கம்பெனி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புது ரிமோட் வரும் வரை தாக்குப் பிடிக்கலாம். இது வெளிச்ச வகை ஃபேனுக்கு மட்டும்தான்.

6. சில மாடல்களில் சுவர் சுவிட்சையே சட்டென்று நிறுத்திப் போட்டால் வேகம் ஒரு படி மாறும். உங்களுடையதில் உண்டா என்று தாளில் பாருங்கள். எங்களுடையதில் இல்லை. நிறுத்திப் போட்டால் கடைசியாக ஓடிய வேகத்திலேயே ஓடும். ரிமோட் செத்தபோது ஐந்தில் இருந்தால் ஆயுசுக்கும் ஐந்துதான்.

7. கடைகளில் "எந்த ஃபேனுக்கும் ரிமோட்" என்று ஒரு பெட்டியோடு விற்பார்கள். அது பழைய வகை ஃபேனுக்கானது. பி.எல்.டி.சி. ஃபேனில் அதை மாட்டாதீர்கள். பழைய ரெகுலேட்டரையும் திரும்ப மாட்டிப் பார்க்காதீர்கள்.

8. ரிமோட் எங்கேயும் கிடைக்கவே இல்லை என்றால், ஃபேனைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. உள்ளே இருக்கும் பலகையையும் ரிமோட்டையும் ஜோடியாக மாற்றலாம். இதற்கென்றே பொதுப் பலகைகள் விற்கின்றன. ஆனால் எல்லாப் பலகையும் எல்லா மோட்டாருக்கும் ஒத்துவராது. இது வீட்டில் செய்கிற வேலை இல்லை, தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பாடம் முடிந்தது. இனி என் வழக்கைச் சொல்கிறேன்.

இயற்பியல் வாத்தியாருக்குப் பிடித்த ஒரு பழைய கதை உண்டு. 1956-ல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி 'ஸ்பேஸ் கமாண்ட்' என்று ஒரு டிவி ரிமோட் கொண்டுவந்தது. ராபர்ட் ஆட்லர் என்கிற இயற்பியலாளர் வடிவமைத்தது. அதில் பேட்டரியே கிடையாது. உள்ளே அலுமினியக் கம்பிகள் இருக்கும். பட்டனை அழுத்தினால் ஒரு சின்னச் சுத்தி கம்பியைத் தட்டும். நம் காதுக்குக் கேட்காத மீயொலி எழும், டிவி அதைக் கேட்டுச் சேனலை மாற்றும். நம் கோயில் மணியின் தம்பி என்று வகுப்பில் சொல்வேன். பேட்டரி ஏன் கூடாது என்பதற்கு அங்கே சொல்லப்பட்ட காரணம்தான் முக்கியம். பேட்டரி தீர்ந்துபோனால், டிவியே கெட்டுவிட்டது என்று வாங்கியவர்கள் நினைத்துவிடுவார்களாம்.

கவனியுங்கள். கையில் இருக்கும் சின்னப் பொருள் பழுதானால் பெரிய பொருள் பயனற்றுப் போகக் கூடாது என்று, எழுபது வருடத்துக்கு முன்பு யோசித்திருக்கிறார்கள். இன்று நம் ஃபேன்களில் அதைத்தான் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் உழைக்கக்கூடிய மோட்டார். அதை ஆள்வது ஒரு கைப்பிடிப் பிளாஸ்டிக். மோட்டாருக்கு வருடக்கணக்கில் உத்தரவாதம் தருகிறார்கள். ரிமோட் போனால் அந்த நல்ல மோட்டார், ஒரே வேகத்தில் சுற்றுகிற செக்கு மாடு ஆகிறது. கடைக்காரர் புதுசு மாற்றச் சொல்கிறார். மின்சாரத்தை மிச்சம் பிடித்து உலகத்தைக் காப்பாற்ற வாங்கிய ஃபேன், மூன்றாம் வருடம் குப்பைக்குப் போனால் எதைக் காப்பாற்றினோம்?

"வாத்தியாரே, காலம் மாறிவிட்டது, நீங்கள்தான் மாறவில்லை" என்று சிலர் எழுதுவீர்கள். நான் மாறியதால்தானே இந்தச் சிக்கல்! புதுசு வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்திருக்கவே முடியாமல் படுத்திருப்பவருக்கு ரிமோட் ஒரு வரம். நான் கேட்பது ஒன்றுதான். ரிமோட் கூடுதல் வசதியாக இருக்கட்டும், ஒரே வழியாக இருக்க வேண்டாம். லிஃப்ட் வைத்த கட்டிடத்தில் மாடிப்படியும் கட்டுகிறோம் அல்லவா?

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, ரிமோட் ஃபேன் எதுவானாலும் சுவரிலிருந்தும் வேகத்தை மாற்ற வழி இருக்க வேண்டும். இது முடியாத காரியம் இல்லை. ரெகுலேட்டரிலேயே ஓடும் பி.எல்.டி.சி. மாடல்கள் இப்போதே விற்கின்றன. சுவிட்சைத் தட்டினால் வேகம் மாறும் மாடல்களும் இருக்கின்றன. சிலர் செய்வதை எல்லாரும் செய்யலாம்.

இரண்டு, ஃபேனுக்கு எத்தனை வருடம் ஆயுள் என்று விளம்பரம் செய்கிறார்களோ, அத்தனை வருடத்துக்கு ரிமோட்டும் பலகையும் உதிரியாகக் கிடைக்க வேண்டும். விலையையும் பெட்டியிலேயே அச்சிட வேண்டும்.

மூன்று, மாடல் எண்ணை ரிமோட்டின் முதுகிலும் அச்சிட வேண்டும், ஃபேனின் அடிப்பக்கத்திலும் கீழே நின்று படிக்கிற மாதிரி ஒட்ட வேண்டும். மோட்டாரின் உச்சந்தலையில் ஒட்டுவதால் பல்லிக்குத்தான் பயன்.

நான்கு, எந்தப் பட்டனுக்கு எந்த எண் என்பதைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும், அல்லது எல்லாரும் பொதுவான ஒன்றுக்கு வர வேண்டும். செல்போன் சார்ஜருக்கு ஒரே மாதிரி முனை வந்தபோது யாருக்கும் நஷ்டம் வந்துவிடவில்லை.

இதெல்லாம் கிழவனின் கனவு என்று நினைக்க வேண்டாம். பழுதுபார்க்கும் உரிமை என்கிற பேச்சு நம் நாட்டிலும் வந்துவிட்டது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று இதற்கென ஒரு இணையதளமும் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதன் பட்டியலில் உண்டு. தளம் தொடங்கினால் மட்டும் ரிமோட் வந்துவிடாது, நாம் கேட்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. "உதிரிப் பாகம் இல்லை, புதுசு வாங்குங்கள்" என்று எந்தக் கடையில் சொன்னாலும், சரி என்று தலையாட்டிவிட்டு வராமல் ஒரு புகார் பதிவு செய்யுங்கள். நானும் செய்திருக்கிறேன். வகுப்பில் ஒருவன் கை தூக்கினால் மற்றவர்களும் தூக்குவார்கள் என்பது என் அனுபவம்.

புது ஃபேன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. எத்தனை நட்சத்திரம், எத்தனை வாட் என்று கேட்ட பிறகு, இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். "ரிமோட் இல்லாமல் இதன் வேகத்தை எப்படி மாற்றுவது? ரிமோட் தனியாக என்ன விலை?" பதில் வராவிட்டால் அடுத்த கடை. வாங்கினால், அன்றைக்கே ஒரு ரிமோட் கூடுதலாக வாங்கிவையுங்கள். பில்லையும் தாளையும் ரிமோட்டின் இரு பக்கத்தையும் படம் எடுத்துச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் அறையிலாவது சுவரில் ரெகுலேட்டர் இருக்கிற மாதிரிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குளித்துப் பிழைத்த ரிமோட்டின் முதுகில் ஒரு ஓட்டை போட்டு, கயிறு கட்டி, கட்டில் சட்டத்தில் முடிந்துவிட்டேன். வங்கியில் பேனாவைக் கட்டுகிறார்களே, தண்ணீர்ப் பந்தலில் டம்ளரைச் சங்கிலி போடுகிறார்களே, அதே தொழில்நுட்பம்தான். மூன்று வாரமாகத் தொலையவில்லை. மாடல் எண்ணைச் சரிபார்த்து இன்னொரு ரிமோட்டும் வாங்கி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பென்ஷன் வந்ததும் அம்மா அறை ஃபேனைக் கழற்றிக் கூடத்தில் மாட்டிவிட்டு, அங்கே ரெகுலேட்டரில் ஓடும் மாடல் ஒன்று போடுவதாக இருக்கிறேன். அந்த வெள்ளை மூடியைக் கழற்றும் வேலையை நானே செய்வேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "எதுக்குப்பா வீண் செலவு, அதான் கயிறு கட்டிட்டியே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கட்டில்ல இருந்தே கை எட்டுற மாதிரி வைக்கச் சொல்லு" என்றார்.

உங்கள் வீட்டில் ரிமோட் எப்படித் தொலைந்தது, எப்படிக் கிடைத்தது, என்ன வழி கண்டுபிடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். மெக்கானிக் வேலை செய்யும் என் மாணவர்கள் யாராவது படித்தால், நான் மேலே எழுதியதில் தவறு இருந்தால் திருத்துங்கள். மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

இன்று போய் அப்பா அம்மா படுக்கும் அறையில், எந்த சுவிட்ச் அவர்கள் கைக்கு எட்டுகிறது, எது எட்டவில்லை என்று ஒருமுறை பாருங்கள். இந்த வார வீட்டுப்பாடம் அதுதான்.